வேகத்தடையில் ஒரு ‘டொக்’: மிச்சிகனில் பழைய டிரக் ஓட்டும் நம்மவர்களுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி விட்டதும் எல்லாரும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தோம். வாசல் வேகத்தடையில் வெள்ளி நிற டொயோட்டா டகோமா டிரக் ஒன்று ஏறி இறங்கியது. ஏறும்போது சத்தமில்லை. இறங்கும்போது முன் இடது சக்கரத்துப் பக்கமிருந்து ‘டொக்’ என்று ஒன்று கேட்டது. இரும்புச் சட்டிக்குள் கோலிக்குண்டு விழுந்தது போல, ஒரே ஒரு தடவை.

ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். “லோயர் பால் ஜாயிண்ட் பாத்தீங்களா?” என்றேன்.

“இருபது வருஷ வண்டிண்ணா, சத்தம் போடாம என்ன பண்ணும்? ஆயில் மாத்தறப்ப எல்லாம் பாத்துப் பச்சை டிக் போட்டுத்தான் குடுக்கறாங்க” என்று சிரித்தார். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

அவருக்கு மட்டும் சொல்லவேண்டிய விஷயமாக இருந்தால் போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நோவையிலும் கேன்டனிலும் டிராயிலும் நம்மவர்கள் வீட்டு வாசலில் இப்போது பழைய டிரக்குகள் நிறைய நிற்கின்றன. தோட்ட மண் ஏற்ற, படகு இழுக்க, பழைய சோபாவைக் கொண்டுபோய்க் கொட்ட என்று ஆளுக்கொன்று வாங்கி வைத்திருக்கிறோம். நம்மில் பாதிப்பேருக்குக் கார் கம்பெனிகளில்தான் வேலை. பால் ஜாயிண்டைக் கம்ப்யூட்டர் திரையில் முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் இருக்கிறோம். சொந்த வண்டிக்கு அடியில் படுத்து அதைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

நானும் தொட்டுப் பார்க்காதவனாகத்தான் இருந்தேன், இத்தனைக்கும் சங்ககிரியில் மாமாவின் லாரிப் பட்டறையில் வளர்ந்தவன். என்னுடையது 1999 மாடல் டகோமா. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம். பனி உருகி ரோடெல்லாம் குழி. இரண்டு மாதமாக இதே ‘டொக்’. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன். ஆயில் மாற்றிய ஒரு பட்டறையில் கொடுத்த தாளில் முன் சஸ்பென்ஷன் என்ற வரிக்கு நேரே பச்சை டிக் இருந்தது, அதை நம்பினேன். ஒரு சனிக்கிழமை, மளிகைக் கடை பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பின்னால் எடுத்தேன். மணிக்கு ஐந்து மைல்கூட இருக்காது. காலுக்கடியில் ‘மடக்’ என்று முறிந்தது. வண்டியின் இடது மூக்கு தரையைத் தொட்டது. இறங்கிப் பார்த்தால், சம்மணம் போட்டவனின் முழங்கால் மாதிரி சக்கரம் வெளியே மடங்கிக் கிடக்கிறது. ஃபெண்டர் நசுங்கி, பிரேக் ஹோஸ் கம்பி போல விறைத்து நிற்கிறது. முந்தின நாள் மாலை அதே வண்டியில், பக்கத்தில் மகளை உட்காரவைத்து, லான்சிங்கிலிருந்து ஐ-96ல் 70 மைல் வேகத்தில் வந்திருந்தேன்.

அன்றிரவு தூங்கவில்லை. அதற்கப்புறம்தான் முறிந்துபோன அந்த லோயர் பால் ஜாயிண்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

பள்ளிக்கூட அறிவியல் பாடத்தில் இடுப்பெலும்பைக் காட்டிப் ‘பந்துக் கிண்ண மூட்டு’ என்று சொல்லிக் கொடுத்தார்களே, அதேதான் இது. ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு பந்து, பந்திலிருந்து நீளும் ஒரு தண்டு. சக்கரம் மேலும் கீழும் போகவேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டு தாங்குகிறது. மாமா பட்டறைக்கு வரும் லாரிகளில் இந்த இடத்தில் கிங் பின் இருக்கும். கிரீஸ் கன்னை வைத்து, பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வெளியே வரும்வரை அழுத்துவோம். எங்கள் டகோமாவின் ஜாயிண்ட்டில் கிரீஸ் நிப்பிள் கிடையாது. மூடி முத்திரை வைத்த சாமான். ரப்பர் பூட் ஒரு இடத்தில் கீறினால் போதும், மிச்சிகன் ரோட்டு உப்பும் தண்ணீரும் உள்ளே போய்ப் பந்தை அரிக்கத் தொடங்கிவிடும்.

இந்த முதல் தலைமுறை டகோமாவில், அதாவது 1995 முதல் 2004 வரை வந்த நாலு சக்கர ஓட்ட வண்டிகளிலும் ப்ரீரன்னரிலும், இன்னொரு சங்கதி இருக்கிறது. பல வண்டிகளில் பாரம் பந்தைக் கிண்ணத்துக்குள் அழுத்தும். தேய்ந்தாலும் பந்து கிண்ணத்துக்குள்ளேயே கிடந்து ஆடும். இதில் தலைகீழ். கிண்ணம் மேலே, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் அடியில் நாலு போல்ட்டில் தொங்குகிறது; தண்டு கீழே போய், சேஸிஸிலிருந்து வரும் லோயர் ஆர்மைப் பிடித்திருக்கிறது. ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ள, தரை சக்கரத்தை மேலே தள்ள, பந்து எந்நேரமும் கிண்ணத்தைவிட்டு வெளியே இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. பானையைத் தரையில் வைப்பது ஒன்று, உறியில் தொங்கவிடுவது ஒன்று. தரையில் இருக்கும் பானை சாயும், ஆடும், நமக்கும் தெரியும். உறிக்கயிறு நைந்துபோனால் பானை மெல்ல மெல்ல இறங்காது. ஒரேயடியாக விழும்.

போதாததற்கு, ஸ்டியரிங்கின் டை ராடு வந்து மாட்டுவதும் இதே ஜாயிண்ட்டின் கையில்தான். அதனால் இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு சாமான். கடையில் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

இது நான் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. 2005-ல் டொயோட்டாவே இதற்காக வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2001 முதல் 2004 வரையிலான டகோமா, கூடவே ஃபோர்ரன்னர், டன்ட்ரா, செக்கோயா ஆகியவற்றில் சில ஆண்டு மாடல்கள்; அமெரிக்காவில் மட்டும் ஏழரை லட்சத்துக்கு மேல். தயாரிப்பின்போது பந்தின் மேல் விழுந்த கீறல் உராய்வைக் கூட்டிச் சீக்கிரம் தேயவைக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ‘அப்போதே மாற்றிவிட்டார்கள், எனக்கென்ன’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: அப்போது புதிதாகப் போட்ட ஜாயிண்ட்டுக்கும் இன்று இருபது வயது. என்னுடையதைப் போல 2000 வரை வந்த வண்டிகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் இணையதளத்தில் 17 இலக்க வின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை என்று ஆறுதல்பட வேண்டாம். பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட ரீகால்கள் பொதுவாக அந்தத் தேடலில் வராது. டீலரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நம் மாநிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மூரில் சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) என்று ஒன்று உண்டு. அதில் நடக்கும் கூத்துகளை நானும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் யாரோ ஒருவர் அவ்வப்போதாவது வண்டியைச் சுற்றி வருவார். பென்சில்வேனியாவில் வருஷா வருஷம் பரிசோதனை கட்டாயம். மிச்சிகனில் அப்படி எதுவும் கிடையாது. ஊருக்கெல்லாம் கார் செய்து கொடுத்த மாநிலத்தில், ஓடும் காரைக் குனிந்து பார்க்கச் சட்டப்படி ஒருவரும் இல்லை. நம்பர் பிளேட் ஸ்டிக்கருக்குப் பணம் கட்டினால் முடிந்தது. ஆகவே உங்கள் முன்சக்கரத்தைப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

மாற்றுவதை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். பார்ப்பதை மட்டும் நீங்களே செய்யுங்கள். பத்து நிமிஷ வேலை.

வண்டியைச் சமதளமான கான்கிரீட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை சேஸிஸுக்கு அடியில் வைத்தால் தேய்மானம் ஒளிந்துகொள்ளலாம். லோயர் ஆர்முக்கு அடியில், ஜாயிண்ட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் வைத்து, டயர் தரையைவிட்டு இரண்டங்குலம் எழும்பும்வரை தூக்குங்கள். டயருக்கு அடியில் நீளமான கடப்பாரை ஒன்றைக் கொடுத்து ஒருவர் நெம்பவேண்டும். இன்னொருவர் டார்ச் அடித்து ஜாயிண்ட்டையே பார்க்கவேண்டும். நக்கிளுக்கும் ஆர்முக்கும் நடுவே இடைவெளி விரிந்து மூடினால் முடிந்தது கதை. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெரும்பாலும் வீல் பேரிங். அப்படியும் ஆடினால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராடு எண்டைச் சந்தேகப்படுங்கள்.

ரப்பர் பூட்டில் விரல் வைத்துச் சுற்றி வாருங்கள். விரலில் கிரீஸ் ஒட்டினால் பூட் கிழிந்திருக்கிறது. துருப்பொடி ஒட்டினால் கிழிந்து நாளாகிவிட்டது.

ஒன்றுமே ஆடவில்லை என்றால்? உறியில் தொங்கும் இந்த வகை ஜாயிண்ட்டில் ‘ஆடவில்லை’ என்பதை நான் சான்றிதழாக எடுத்துக்கொள்வதில்லை. எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியாக இருந்தால் முதல் வேலையாக மாற்றிவிடுவேன். அதற்கப்புறம் ஒரு லட்சம் மைலுக்கு ஒரு தடவை. இது புத்தகத்தில் இல்லை, பயந்தவன் போட்ட கணக்கு.

மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பீர்கள். இந்த டகோமாவில், செய்யலாம். ஊரிலாக இருந்தால் நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். பட்டறையில் விட்டுவிட்டு இரண்டு டீ குடிப்பதற்குள் பையன் முடித்திருப்பான். இங்கே ஒரு இடத்தில் எனக்கு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 900 டாலர் சொன்னார்கள். அதோடு, டீலரிடம் அசல் சாமானை நானே வாங்கி வந்தாலும் போடமாட்டோம், எங்களிடம் இருப்பதைத்தான் போடுவோம் என்றார்கள். சாமான் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கூலியை மிச்சம் பிடியுங்கள், ஜாயிண்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். உறிக்கயிற்றை மலிவாக வாங்குகிறவனுக்குப் பானை மேல் ஆசையில்லை என்று அர்த்தம். நாலு போல்ட்டையும் சேர்த்துப் புதிதாக வாங்குங்கள்.

வேலைக்கு மூன்று நாள் முன்னாலேயே தொடங்குங்கள். தினம் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும், வண்டிக்கடியில் கையை நீட்டி, நாலு போல்ட்டுக்கும் இரண்டு நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சி அடித்துவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். இங்கே பதினைந்து குளிர்காலம் உப்பில் ஊறிய போல்ட் அவசரத்துக்குக் கழலாது, உடையும். அப்படியே சேஸிஸையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் நல்லது. ‘சொத்’ என்று கேட்டால் ஜாயிண்ட்டுக்குச் செலவழிக்கும் முன் யோசியுங்கள். 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சேஸிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததற்காக, 2008-ல் டொயோட்டா பல வண்டிகளைச் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அந்த யோகம் இப்போது கிடையாது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே கூடாது. சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுங்கள். கழற்றிய சக்கரத்தையும் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஸ்டாண்டு சறுக்கினால் டயர் தாங்கும், உங்கள் நெஞ்சு தாங்காது. தார் போட்ட டிரைவ்வே என்றால், ஜூலை வெயிலில் ஸ்டாண்டின் கால் தாருக்குள் இறங்கும். அடியில் கனமான பலகை போடுங்கள். (சில குடியிருப்புச் சங்கங்களில் டிரைவ்வேயில் ரிப்பேர் செய்தால் கடிதம் வரும். கராஜுக்குள் செய்து கதவைப் பாதி இறக்கிவிடுங்கள்.)

முதலில் டை ராடு எண்டைப் பிரிக்கவேண்டும். இதைத் திரும்பப் பயன்படுத்தப் போகிறோம் என்பதால், இரட்டை நாக்கு ஆப்பை உள்ளே விட்டு அடிக்காதீர்கள், பூட் கிழிந்துவிடும். திருகிப் பிரிக்கும் செப்பரேட்டரை ஆட்டோசோன், ஓ’ரெய்லி போன்ற கடைகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதும் வந்துவிடும். அப்புறம் ஜாயிண்ட் தண்டின் ஸ்பிளிட் பின்னை உருவி, கிரீடம் வைத்தது போல இருக்கும் கேஸில் நட்டைத் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். நாலு மரை மிச்சம் வையுங்கள். பிரியும்போது துள்ளுவதை அந்த நட்டுதான் பிடித்து நிறுத்தும்.

தண்டு ஆர்மின் கூம்புத் துளைக்குள் இறுகிப் போயிருக்கும். இங்கேதான் மாமா எனக்குள் எழுந்து வந்தார். அவர் தண்டை அடிக்கவே மாட்டார். துளை இருக்கும் ஆர்மின் காதுக்கு ஒரு பக்கம் கனத்த சம்மட்டியை அணைத்துப் பிடிக்கச் சொல்வார். எதிர்ப்பக்கம் சின்னச் சுத்தியலால் சுருக்கென்று நாலு அடி. அடிக்கிற கணத்தில் வட்டத்துளை ஒரு மயிரிழை முட்டை வடிவமாகும், பிடி விட்டுவிடும். நான் அடித்த மூன்றாவது அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஆர்ம் கால் அங்குலம் இறங்கி நின்றது. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள் ஓரடி பின்னால் குதித்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் பாதி வேலை முடிந்தது.

மிச்சம் நாலு போல்ட். புது ஜாயிண்ட்டின் கூம்பையும் ஆர்மின் துளையையும் துணியால் துடைத்து உலர்வாக வையுங்கள். வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று அங்கே கிரீஸ் தடவுகிற ஆளைப் பார்த்திருக்கிறேன். கூம்பு பிடிப்பதே உலர்ந்த உரசலில்தான். எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள். எந்த நட்டுக்கு எவ்வளவு என்ற எண்ணை இந்த மடலிலிருந்து எடுக்கக் கூடாது என்பதற்காகவே எழுதவில்லை. வருஷத்துக்கும் மாடலுக்கும் மாறும்; உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைத் திறந்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். இறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை நேருக்கு நேர் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கவேண்டும், தளர்த்தி அல்ல. ஸ்பிளிட் பின்னை எப்போதும் புதிதாகவே போடுங்கள். அலைன்மெண்ட் கடைக்கு மறுநாளே போங்கள். நூறு மைல் ஓடியபின் ஒரு தடவை எல்லாவற்றுக்கும் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம்தான் கெட்டது என்றாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே ரோட்டில்தான் ஓடின.

டகோமா இல்லாதவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம் 2500 போன்ற நாலு சக்கர ஓட்ட வண்டிகளில் ஜாயிண்ட்டை நக்கிளுக்குள் அழுத்தி ஏற்றியிருப்பார்கள். சி வடிவ பிரஸ்ஸும், ஆக்ஸிலைக் கழற்றும் பொறுமையும், ஒரு முழு வார இறுதியும் வேண்டும். பழைய ஷெவி சிலவற்றில் மேல் ஜாயிண்ட் ரிவிட் அடித்து வரும். கிரைண்டரால் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, சேஸிஸுக்கும் லோயர் ஆர்முக்கும் நடுவே சுருள் ஸ்பிரிங் தனியாக உட்கார்ந்திருக்கும் வண்டி. எண்பது, தொண்ணூறுகளின் இரு சக்கர ஓட்ட ஷெவி டிரக்குகள் அந்த ரகம். டகோமாவில் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கோடு சேர்ந்தே வருவதால் ஆர்ம் ஓரளவுக்கு மேல் இறங்காது. அந்த ஷெவியில் ஆர்முக்கு ஜாக்கி கொடுக்காமல் ஜாயிண்ட்டைப் பிரித்தால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டாக வெளியே வரும். அதற்கு மட்டும், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள். 900 டாலர் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் கராஜைத் திறந்து வைக்கிறேன். ஜாக்கி, கடப்பாரை, டார்ச் இருக்கிறது; ஃபில்டர் காபியும் இருக்கிறது. பழைய டிரக் வைத்திருக்கும் யாரும் வரலாம். வண்டிக்குப் பத்து நிமிஷம், பார்ப்பது மட்டும். டகோமாவோ அந்தக் கால ஃபோர்ரன்னரோ வைத்திருந்து, அதில் ‘டொக்’ கேட்டுக்கொண்டிருந்தால் ஓட்டி வராதீர்கள். சொல்லுங்கள், சாமான்களைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

வெள்ளி நிற டகோமா வைத்திருக்கும் தம்பிக்கு: சனிக்கிழமைவரை காத்திருக்கவேண்டாம். நாளைக்குப் பிள்ளைகளை வேறு வண்டியில் பள்ளியில் விடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் உங்கள் வாசலில் இருப்பேன்.

அன்புடன்,
1999 டகோமாக்காரன்